பேனிக் அட்டாக்கின் விநோத அறிகுறிகள்: எது பயம், எது நோய், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

பேனிக் அட்டாக் என்றதும் நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், வியர்வை, இந்த மூன்றும்தான் நம் நினைவுக்கு வரும். அது வந்து போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். "விரல் எல்லாம் உள்பக்கமா மடங்கிப் போச்சு, விரிக்கவே முடியல." "உதட்டைச் சுத்தி மரத்துப் போச்சு." "கண்ணாடியில என் முகத்தைப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்துச்சு." "நல்லா தூங்கிட்டு இருந்தேன், அப்படியே தூக்கிப் போட்டுச்சு." இதையெல்லாம் கேட்கிற வீட்டார் ஒன்று, பக்கவாதமோ என்று பயப்படுவார்கள். அல்லது, காத்து கருப்பு அடிச்சிருக்கும் என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

கடந்த சில வருடங்களாக இந்த விஷயத்தைப் படித்துக் குறிப்பு எடுத்து வருகிறேன். காரணம் இரண்டு பேர். ஒருவர் என் டீமில் வேலை பார்த்த பையன், 27 வயது. எட்டு மாதத்தில் இரண்டு தடவை மூளை ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோபி, கணக்கில்லாத இசிஜி. எல்லாம் நார்மல். ஆனால் அவனுக்கு என்ன பிரச்சினை என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. இன்னொருவர் என் உறவுக்காரப் பெண், 38 வயது. அவருக்கு நேர் எதிர். முதல் நாளே பெயர் சொல்லிவிட்டார்கள், "டென்ஷன்தான், யோகா பண்ணுங்க" என்று. மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது டென்ஷனே இல்லை என்று.

இந்த இரண்டு தவறுக்கும் நடுவில் ஒரு சரியான வழி இருக்கிறது. அதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். இதைப் படித்து நீங்களே நோயைத் தீர்மானிக்கக் கூடாது. டாக்டரிடம் எப்போது போவது, போனால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பேனிக் அட்டாக் என்றால் என்ன?

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 13 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. திடீரெனத் தொடங்கி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், அவற்றில் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பேனிக் அட்டாக். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைச்சுற்றல், குளிர் அல்லது சூடு, மரத்துப் போதல் என்று 10 அறிகுறிகள் உடம்பில் தெரிபவை. தன்னையோ உலகையோ அந்நியமாக உணர்வது ஒன்று. மீதி இரண்டுதான் பயம்: பைத்தியம் பிடித்துவிடுமோ, செத்துவிடுவோமோ என்பவை. அதாவது, பட்டியலே பெரும்பாலும் உடம்பைப் பற்றியது. "எனக்குப் பயமே இல்லீங்க, உடம்புதான் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இது புது நோயும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் படபடப்பும் நெஞ்சு வலியும் மூச்சிரைப்பும் இருப்பதைக் கவனித்த ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871-ல் அதை இதயக் கோளாறாகத்தான் எழுதினார். 'பேனிக் டிஸார்டர்' என்று தனிப் பெயர் டிஎஸ்எம் கையேட்டில் வந்தது 1980-ல். டாக்டர்களே நூறு வருடத்துக்கு மேல் இதயத்தையும் பயத்தையும் பிரித்துப் பார்க்கத் திணறியிருக்கிறார்கள். நமக்குக் குழப்பம் வருவதில் என்ன அதிசயம்?

ஒரு தடவை அட்டாக் வந்துவிட்டால் அது பேனிக் டிஸார்டர் ஆகிவிடாது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அட்டாக் வந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்று அமெரிக்கக் கணக்கெடுப்பு சொல்கிறது. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, "மறுபடி வருமோ" என்ற கவலையோ, பஸ், லிஃப்ட், கூட்டம் என்று ஒதுங்குவதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது டிஸார்டர்.

விநோதங்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு இயந்திரங்கள்

சரி, விரல் ஏன் மடங்குகிறது? உலகம் ஏன் பொய்யாகத் தெரிகிறது? பெரும்பாலானவற்றை இரண்டே விஷயங்களால் விளக்கலாம்: அட்ரினலின், கார்பன் டை ஆக்ஸைடு.

முதலில் அட்ரினலின். புலி துரத்தினால் ஓடுவதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடு இது. இதயம் வேகமாகத் துடிக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகும். அதனால் கை கால் சில்லிடும், முகம் வெளுக்கும், வயிறு பிசையும், கழிவறைக்கு அவசரமாகப் போகத் தோன்றும். கண்மணி விரிவதால் ட்யூப் லைட் வெளிச்சமே கூசும். ஓடத் தயாராக இறுகிய தசைகள், ஓடாததால் நடுங்கும். எல்லாம் முடிந்த பிறகு அடித்துப் போட்ட மாதிரி அசதி. உடம்பு மாரத்தான் ஓடத் தயாராகிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்?

அடுத்தது கார்பன் டை ஆக்ஸைடு. இதுதான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது. பயத்தில் நாம் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். ஆக்ஸிஜன் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது, மேலும் ஏறாது. ஆனால் ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக 35 முதல் 45 மி.மீ. அழுத்தத்தில் இருக்க வேண்டிய அது கீழே இறங்கும்போது ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, ரத்தத்தில் சுதந்திரமாக இருந்த கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியம் அப்படியேதான் இருக்கும், ஆனால் நரம்புகளுக்குக் கிடைப்பது குறைகிறது. நரம்புகள் தேவையில்லாமல் சிலிர்த்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல் இருக்கும். இன்னும் அதிகமானால் கை விரல்கள் கூம்பு போல் ஒடுங்கி மடங்கும், கால் விரல்களும் சுருங்கும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு போலத் தெரியும். மூச்சு நிதானமானதும் கொஞ்ச நேரத்தில் விரல்கள் தானாக விரியும்.

இரண்டு, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கார்பன் டை ஆக்ஸைடு 1 மி.மீ. குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் குறையும். தலை லேசாகி மிதப்பது, பார்வை மங்குவது, சத்தம் தூரத்திலிருந்து கேட்பது போல் இருப்பது, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போன்ற உணர்வு, இவற்றில் இதற்குப் பங்கு உண்டு. 'பைத்தியம் பிடிக்கிறது' என்று பலர் பயப்படுவது இந்த அந்நிய உணர்வைப் பார்த்துத்தான். ஆனால் "இது ஏதோ உண்மையில்லாத மாதிரி இருக்கு" என்று உங்களால் கவனித்துச் சொல்ல முடிகிறதே, அதுவே அறிவு தெளிவாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு சுழல் உண்டாக்கும். மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அது மாதிரி. சின்னப் படபடப்பு, 'ஹார்ட் அட்டாக்கோ' என்ற எண்ணம், மேலும் அட்ரினலின், மேலும் படபடப்பு. 1986-ல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். இன்றைய பேச்சு சிகிச்சையின் அடிப்படை அது.

தூக்கத்திலும் இது வரும். கனவு காணும் கட்டத்தில் அல்லாமல், லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் இடைவெளியில் பெரும்பாலும் வருகிறது. அதனால்தான் கெட்ட கனவு எதுவும் நினைவில்லாமல் வெறும் பயத்தோடு எழுகிறார்கள்.

வாய்வு என்ற பெயரில்

நம் ஊரில் இதற்கு இருக்கும் பெயர் 'வாய்வு'. "வாய்வு நெஞ்சுல ஏறி நிக்குது." கம்போடிய மக்களும் இதே மாதிரி, உடம்புக்குள் காற்று மேலே ஏறுவதாகச் சொல்லும் ஒரு தாக்குதலை டிஎஸ்எம்-5 தனியாகக் குறிப்பிடுகிறது. எந்த ஊராக இருந்தாலும் உடம்பு செய்வது ஒன்று, மக்கள் வைக்கும் பெயர் வேறு.

இந்தப் பெயரில் ஒரு ஆபத்து இருக்கிறது. பேனிக்கையும் வாய்வு என்கிறோம், நிஜமான நெஞ்சடைப்பையும் வாய்வு என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சோடா, ஒரே ஓம வாட்டர். மாரடைப்பில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு நஷ்டம். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். "40 வயசுதானே" என்பது சமாதானம் ஆகாது.

பேனிக் வேஷம் போடும் நோய்கள்

என் உறவுக்காரப் பெண்ணுக்கு இருந்தது எஸ்விடி. இதயத்துக்குள் ஒரு மின் குறுக்குவழி, ஷார்ட் சர்க்யூட் மாதிரி. சுவிட்ச் போட்டது போல் ஆரம்பிக்கும், நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை துடிக்கும், சுவிட்சை அணைத்தது போல் நிற்கும். பேனிக்கில் துடிப்பு ஏறி இறங்குவது படிப்படியாக. எஸ்விடி-யில் படபடப்போடு பயமும் வருவதால் குழப்பம் வருகிறது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்விடி உள்ள 107 பேரைப் பார்த்தார்கள். 67 சதவீதம் பேர் பேனிக் டிஸார்டரின் வரையறைக்கும் பொருந்தினார்கள்! பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை, அதிலும் பெண்களுக்கே அதிகம் தவறியது. காரணம் எளிது. அட்டாக் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் இசிஜி நார்மலாகத்தான் இருக்கும். புரொடக்‌ஷனில் மட்டும் வரும் பக்-ஐ நம் லேப்டாப்பில் தேடுவது போல. கோளாறு நடக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டும் ஹோல்டர் மானிட்டர் இருக்கிறது. எஸ்விடி-யைக் கதீட்டர் சிகிச்சையால் பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரமாகச் சரிசெய்யலாம். மூன்று வருடம் அவர் யோகா செய்தது வீணில்லை, ஆனால் அது குறுக்குவழியை அடைக்கவில்லை.

இதே போல் குழப்பும் மற்றவை:

தைராய்டு அதிகச் சுரப்பு. படபடப்போடு எடை குறைவது, வெயில் தாங்காதது, கை நடுக்கம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

சர்க்கரை இறங்குதல். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், பதற்றம் வந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. ஆள் மயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

நுரையீரலில் ரத்தக் கட்டி. அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம், நாள் கணக்கில் படுக்கை, இவற்றுக்குப் பிறகு திடீர் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்.

ஒரு வகை வலிப்பு. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் மட்டும் நீடிக்கும் திடீர் பயம், அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும் உணர்வு, இல்லாத நாற்றம், 'இது ஏற்கெனவே நடந்தது' என்ற உணர்வு. பக்கத்தில் இருப்பவர் கவனித்தால், கண் நிலைகுத்தி, வாய் எதையோ மெல்லும். கூப்பிட்டால் பதில் இருக்காது.

மருந்தும் பழக்கமும். ஆஸ்துமா இன்ஹேலர், சில சளி மாத்திரைகள், அளவுக்கு மீறிய காபி, எனர்ஜி டிரிங்க். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் வரும் நடுக்கமும் வியர்வையும் பேனிக் அல்ல. வலிப்பு வரை போகக்கூடியது, வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது.

உடனே 108

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 'பேனிக்கா இருக்கும்' என்று காத்திருக்காதீர்கள்.

1. நெஞ்சில் அழுத்தும், இறுக்கும் வலி. கை, தாடை, முதுகுக்குப் பரவினால், நடந்தால் அதிகமானால், பத்து பதினைந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னும் சந்தேகம். முதல் தடவை வரும் நெஞ்சு வலி எதுவானாலும் ஆஸ்பத்திரிதான். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல், கடும் அசதி என்றுகூட மாரடைப்பு வரும். முதல் இசிஜி நார்மல் என்றால் அதோடு முடிந்துவிடாது, சில மணி நேர இடைவெளியில் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள்.

2. முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல். பேனிக்கில் மரத்துப் போவது பெரும்பாலும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

3. நிஜமாகவே மயங்கி விழுதல். பேனிக்கில் 'மயங்கிடுவேன்' என்று தோன்றும், ஆனால் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறியிருப்பதால் விழுவது அபூர்வம். விழுந்தால் காரணம் தேட வேண்டும்.

4. ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே, உதடு நீலம் பாய்தல், இருமலில் ரத்தம். கொரோனா காலத்தில் வாங்கிய கருவி பல வீட்டில் இன்னும் இருக்கும். ஆனால் எண் நார்மலாக இருப்பதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

5. காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வலிப்பு, இதுவரை வந்ததே இல்லாத கடும் தலைவலி.

6. தற்கொலை எண்ணம். இதுவும் அவசரம்தான். தனியாக விடாதீர்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்: முதல் தடவை வந்தவர்கள், 45 வயதுக்கு மேல் முதன்முதலாக வந்தவர்கள், இதய நோயோ இளம் வயதுத் திடீர் மரணமோ குடும்பத்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், புதிதாக மருந்து தொடங்கியவர்கள், வழக்கமான அட்டாக்கின் தன்மை திடீரென மாறியவர்கள். கடைசியில் சொன்னதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேனிக் டிஸார்டர் இருப்பவருக்கும் மாரடைப்பு வரலாம்.

போகும்போது ஒரு சின்ன லாக் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், 15 நொடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கினால் எவ்வளவு, துடிப்பு சீராக இருந்ததா, எப்படி நின்றது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை. முடிந்தால் வீட்டில் யாராவது செல்போனில் வீடியோ எடுக்கட்டும். "ஒரு மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்பதைவிட இது நூறு மடங்கு உதவும். பொதுவாக இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு பார்ப்பார்கள். அதற்கு மேல் என்ன தேவை என்பதை அந்த லாக்கே டாக்டருக்குச் சொல்லும்.

பேனிக்தான் என்று தெரிந்த பிறகு

பேனிக் என்பது பரிசோதனைக்குப் பிறகு வர வேண்டிய முடிவு. பரிசோதனைக்குப் பதிலாக வரக் கூடாது. ஆனால் அந்த முடிவு வந்த பிறகு அறிகுறியில் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பதும் சுழலின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் இரண்டு வாரத்துக்குத்தான் தைரியம் கொடுக்கும். என் டீம் பையனுக்கு நடந்தது அதுதான். "எல்லாம் நார்மல், போங்க" என்பது பதில் இல்லை. "இதற்குப் பெயர் பேனிக், இதற்குச் சிகிச்சை இருக்கிறது" என்பதுதான் பதில். ஒரு மனநல மருத்துவர் அதைச் சொன்ன பிறகுதான் அவன் மீண்டான்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை. பயப்படும் உணர்வையே பாதுகாப்பாக வரவழைத்துப் பழக்குவது அதில் ஒரு பகுதி. படி ஏறி இதயத்தைத் துடிக்க வைப்பார்கள், நாற்காலியில் சுற்றவிட்டுத் தலைசுற்ற வைப்பார்கள். 'துடிப்பு என்றால் ஆபத்து' என்று மனம் போட்டு வைத்த முடிச்சு மெல்ல அவிழும். இன்னொன்று எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரம் பதற்றம் கொஞ்சம் கூடலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. அல்பிரஸோலம் போன்றவை உடனே கேட்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பழைய சீட்டை நீட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள், பல வாரம் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அட்டாக் வரும் நேரத்தில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டாம், ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுக்கிறோம். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். இது ஏறி இறங்கும் அலை, சில நிமிடத்தில் உச்சம் தாண்டும் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி பேப்பர் பையில் மூச்சு விடாதீர்கள். உண்மையில் மாரடைப்போ ஆக்ஸிஜன் குறைவோ இருந்தவர்கள் அப்படிச் செய்து இறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று சொல்வதைவிட, "நான் இங்கதான் இருக்கேன், மெதுவா மூச்சை விடு" என்று சொல்லிக் கூடவே உட்காருங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குபவர்களுக்கு ஒரே வார்த்தை. ஆறு மாதம் பஸ் ஏறாமல், கல்யாண வீட்டுக்குப் போகாமல், தனியாகத் தூங்காமல் இருந்தால் ஊர் அதையும்தான் பார்க்கும். போய் வாருங்கள்.